ஏஐ வகுப்பா, இன்ஸ்டால் வகுப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தோட்டப்புறப் பட்டணங்களில் இளைஞர்களுக்கான ஏஐ வகுப்புகள் பெருகி வருவதைப் பாராட்டி வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். பாராட்ட வேண்டியதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த வகுப்புக்குள் பகல் பொழுது எப்படிப் போகிறது என்று யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை. காலையில் வரவேற்புரை, திறப்புரை, பொன்னாடை, குழுப் படம். அப்புறம் பிள்ளைகள் கணினி முன்னால் உட்கார்ந்து, கிராபிக்ஸ் கார்டு தயாரிக்கும் என்விடியா நிறுவனத்தின் ‘கூடா’ (CUDA) மென்பொருளை இறக்க ஆரம்பிப்பார்கள். இறங்கும், இறங்கும், இறங்கிக்கொண்டே இருக்கும். மீகூன் வரும், தேநீர் வரும், கூடா வராது. ஒருவழியாக இறக்கி முடித்தவர்களுக்கும் திரையில் ஏதாவது ஒரு பிழை வரி நிற்கும், பயிற்றுநர் மேசை மேசையாக ஓடி ஆளுக்கொரு வைத்தியம் பார்ப்பார், நாலு மணிக்குச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஏஐ என்று போன பிள்ளை ‘நெக்ஸ்ட்’ பொத்தானை அழுத்தக் கற்றுக்கொண்டு வீடு திரும்பும்.

நான் ஜொகூர் மாநிலத்து ரெங்கத்தில் கணினி பழுது பார்ப்பவன். வகுப்பு முடிந்த மறுவாரமே அந்தப் பிள்ளைகளின் கணினிகள் என் மேசைக்கு வந்துவிடுவதால் இதில் கொஞ்சம் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். சொல்ல வந்தது இதுதான்: இந்த நிறுவும் வேலையை ஒருவர் ஒழுங்காக ஸ்கிரிப்டாக, அதாவது கட்டளைகளை வரிசையாகப் போட்ட ஒரு கோப்பாக, எழுதி வைத்துவிட்டால் அது எல்லாக் கணினியிலும் தானாக ஓடும், வகுப்புக்கு முந்தின இரவே ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். ஆனால் ‘ஸ்கிரிப்ட் எழுதுங்கள்’ என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியாது, ஏனென்றால் ஏனோதானோவென்று எழுதிய ஸ்கிரிப்ட் கையால் செய்வதைவிடக் கேடு.

தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. கிராபிக்ஸ் கார்டு முதலில் விளையாட்டுப் படம் காட்டப் பிறந்தது, அதற்குள் சின்னச் சின்னக் கணக்கு மையங்கள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றை வேறு கணக்குகளுக்கும் பயன்படுத்த வழி செய்து என்விடியா 2006 நவம்பரில் கூடாவை அறிவித்தது, 2007இல் வெளியிட்டது. இன்றைக்கு ஏஐ என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி இதன் மேல்தான் ஓடுகிறது. நிறுவும்போது இதில் மூன்று அடுக்கு இருப்பதை நினைவில் வைக்க வேண்டும். அடியில் டிரைவர், கார்டையும் கணினியையும் பேச வைப்பது; அது லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலோடு ஒட்டிக்கொண்டிருப்பது. நடுவில் டூல்கிட், அதில் நாம் எழுதும் நிரலைக் கார்டில் ஓடும் வடிவத்துக்கு மாற்றும் (கம்பைல் செய்யும்) என்விசிசி என்ற கம்பைலரும் லைப்ரரிகளும் இருக்கும். மேலே, ஏஐ நிரல் எழுத உதவும் பைடார்ச் போன்ற பைத்தான் தொகுப்புகள். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் பாதித் தொல்லை ஆரம்பிக்கிறது. ‘என்விடியா-எஸ்எம்ஐ’ என்று தட்டினால் வலது மேல் மூலையில் ஒரு கூடா எண் வரும், பையன்கள் அதைப் பார்த்துவிட்டு “கூடா இருக்கே அண்ணே, அப்புறம் ஏன் கம்பைல் ஆகமாட்டேங்குது?” என்று கேட்பார்கள். அந்த எண் இந்த டிரைவர் எந்தக் கூடா வரைக்கும் தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. டூல்கிட் உள்ளே இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது, அதை என்விசிசியிடம்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று, இதை ஏற்பாட்டாளர்கள் காதில் போட்டே ஆக வேண்டும். பெரும்பாலான வகுப்புகளுக்கு டூல்கிட்டே தேவையில்லை! உங்கள் கார்டைத் தாங்கும் பைடார்ச் பதிப்பைப் பைத்தானின் ‘பிப்’ கருவி வழியாக இறக்கினால் அதற்கு வேண்டிய கூடா லைப்ரரிகளை அது தன்னோடு கொண்டுவந்துவிடும். கணினியில் சரியான டிரைவர் இருந்தால் போதும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் படம் ரெண்டர் செய்கிறவர்களுக்கும் அப்படித்தான். சொந்தமாகக் கூடா நிரல் எழுதி என்விசிசியில் கம்பைல் செய்யப் போகிறவர்களுக்கும், சில தொகுப்புகளை மூல நிரலிலிருந்து கட்ட வேண்டியவர்களுக்கும்தான் டூல்கிட் வேண்டும். ஆகவே நாலு ஜிபி அளவுக்கு இறக்க வைப்பதற்கு முன்னால் இந்தப் பிள்ளைகள் என்விசிசியைத் தொடப் போகிறார்களா என்று ஒரு நிமிடம் யோசித்தால் பல ஞாயிற்றுக்கிழமைகள் மிச்சமாகும்.

சரி, வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். போன ஆண்டு எங்கள் வட்டாரத்தில் நடந்த ஒரு வகுப்புக்கு ஏற்பாட்டாளர்கள் ஸ்கிரிப்ட் ஒன்றோடுதான் வந்தார்கள், பெயர் வேண்டாம். பார்க்க நன்றாக இருந்தது. ஆளுக்கொரு யூஎஸ்பி, ஒரே கட்டளை, எழுத்துகள் மளமளவென்று திரையில் ஓடின, கடைசியில் பச்சை நிறத்தில் ‘எல்லாம் வெற்றிகரமாக முடிந்தது’ என்று வந்தது, கைதட்டினார்கள். கணினியை மறுபடி தொடங்கிப் பார்த்தால் கார்டையே காணோம் என்றது. பிறகு என் கடையில் அந்த ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தபோதுதான் சங்கதி புரிந்தது: அந்தப் பச்சை வரி எது நடந்தாலும் வரும்! நடுவில் எது தோற்றாலும் கவலைப்படாமல் அடுத்த வரிக்குப் போகும்படி எழுதியிருந்தார்கள். பாஷ் (லினக்ஸின் கட்டளை மொழி) ஸ்கிரிப்டின் தலையில் ‘செட் மைனஸ் ஈ’ என்று ஒரு வரி போட்டிருந்தால் ஒரு கட்டளை தோற்றவுடன் அங்கேயே நின்றிருக்கும். அது கூட இல்லை.

ஆனால் அந்த ஒரு வரி மட்டும் போதும் என்றும் நினைக்கக் கூடாது. டிரைவரின் கெர்னல் மாட்யூலை, அதாவது கெர்னலுக்குள் ஏறும் துண்டை, அந்தந்தக் கணினியிலேயே கட்டுவது டிகேஎம்எஸ் என்ற கருவி. கட்டுவதற்கு, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்கு உரிய ஹெடர் கோப்புகள் வேண்டும். அவை இல்லாவிட்டால் டிகேஎம்எஸ் கத்திக் கூப்பாடு போடுவதில்லை. இந்தக் கெர்னலுக்குக் கட்டுவதைத் தவிர்த்துவிட்டேன், ஹெடரைக் காணோம் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பேசாமல் போய்விடும், தொகுப்புகளை நிறுவும் ஆப்ட் கருவியும் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும். அன்றைக்கு அந்தக் கணினிகளில் நடந்தது அதுதான், ஓடிப்போன நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவில் அந்த ஒரு வரி இருந்தது. அதனால் ஸ்கிரிப்ட் முதல் வேலையாக ‘யூனேம் மைனஸ் ஆர்’ கட்டளை சொல்லும் கெர்னல் எண்ணை வாங்கி அதே எண்ணுக்குரிய ஹெடரை நிறுவ வேண்டும். கடைசி வேலையாக, ‘வெற்றி’ என்று தானே எழுதிக்கொள்ளாமல் என்விடியா-எஸ்எம்ஐயை ஓட்டிப் பார்த்து, இரண்டு பட்டியல் எண்களைக் கார்டில் கூட்டும் ஒரு சின்ன நிரலைக் கம்பைல் செய்து ஓட்டிப் பார்த்து, விடை சரியாக வந்தால் மட்டும் வாயைத் திறக்க வேண்டும்.

அடுத்தது வெர்ஷன். இதில்தான் எனக்குக் கோபமே. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் இருப்பவை பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட் கணினிகள். ஜொகூர் பாருவிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் அண்ணன் வாங்கிக்கொடுத்த கேமிங் கணினி, சைபர் கஃபே மூடியபோது மலிவாக வந்தது, இப்படி. அதற்குள் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 மாதிரியான கார்டுகள். 2016இல் வந்த பாஸ்கல் தலைமுறை, பழசுதான், ஆனால் படிப்பதற்குத் தாராளமாகப் போதும். இணையத்தில் கிடைக்கும் ஸ்கிரிப்டுகளோ ‘கூடா’ என்று வெறும் பெயரைப் போட்டு, எது புதிதோ அதை இறக்கு என்று எழுதியிருக்கும். 2025 ஆகஸ்டில் கூடா 13 வந்தபோது மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா மூன்று தலைமுறைகளையும் கழற்றிவிட்டார்கள், அந்தக் கார்டுகளுக்கு 580 என்ற டிரைவர் வரிசைதான் கடைசி. அதோடு என்விடியா இப்போது முன்னால் தள்ளும் திறந்த மூல கெர்னல் மாட்யூல் 2018இல் வந்த டூரிங் தலைமுறையிலிருந்துதான் வேலை செய்யும், 1060க்கு அது ஏறாது, மூடிய பழைய வகைதான் வேண்டும். ஆக, நேற்று வரை ஒழுங்காக ஓடிய அதே ஸ்கிரிப்ட், ஒரு எழுத்துகூட மாறாமல், இன்றைக்கு ஒரு நல்ல கணினியைக் கெடுத்துவிடும். கேட்டால் “உங்க கார்டு பழசு, புதுசு வாங்குங்க” என்கிறார்கள். புதுசு என்ன விலை என்று தெரியுமா இவர்களுக்கு? கார்டில் ஒரு குறையும் இல்லை. கூடா 12 வரிசையில் ஒரு குறிப்பிட்ட பதிப்பை, எண்ணோடு, டூல்கிட் 12-6 என்கிற மாதிரிப் பெயர் சொல்லிக் கேட்டால் அது அழகாக ஓடும்.

‘கூடா’ என்று மொட்டையாகக் கேட்டால் டூல்கிட்டோடு டிரைவரையும் சேர்த்து இழுத்துவரும், ‘கூடா-டூல்கிட்’ என்று எண்ணோடு கேட்டால் டிரைவரைத் தொடாது. இந்த வித்தியாசம் தெரியாமல் நன்றாக இருந்த டிரைவர் மேல் இன்னொன்றை ஏற்றி, திரை கறுப்பாகி வந்த கணினிகள் எனக்குப் புதிதல்ல. ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் டிரைவர் ஒரு பக்கம், டூல்கிட் ஒரு பக்கம் என்று பிரித்தே எழுத வேண்டும், இரண்டுக்கும் பதிப்பு எண்ணை மேலே ஓரிடத்தில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். நிறுவி முடித்ததும் ‘ஆப்ட்-மார்க் ஹோல்ட்’ போட்டுப் பூட்டவும் வேண்டும். இல்லாவிட்டால் உபுண்டு என்ற லினக்ஸ் ஒரு நாள் யாரையும் கேட்காமல் டிரைவர் லைப்ரரியைப் புதுப்பிக்கும், கெர்னலில் ஏற்கெனவே ஏறியிருக்கும் மாட்யூல் பழையதாகவே இருக்கும், இரண்டும் முறைத்துக்கொண்டு ‘டிரைவர்/லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்’ என்று வரும். அதற்கு மருந்து பெரும்பாலும் கணினியை ஒருமுறை மறுபடி தொடங்குவது மட்டும்தான். இது தெரியாமல் உபுண்டுவையே அழித்து மறுபடி போட்டுவிட்டு வருகிறார்கள், பாவம்.

பூட்டிவிட்டு மறந்துவிடலாம் என்றும் சொல்லவில்லை. 2022 ஏப்ரல் கடைசியில் என்விடியா தன் லினக்ஸ் மென்பொருள் களஞ்சியங்கள் அசல்தான் என்று கையெழுத்திடும் சாவியை மாற்றியது. பழைய சாவியை நேரடியாக உள்ளே எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்டுகள் எல்லாம் உலகம் முழுக்க அப்படியே படுத்துவிட்டன. இப்போது ‘கூடா-கீரிங்’ என்ற சின்னத் தொகுப்பை முதலில் நிறுவினால் சாவி விவகாரத்தை அது பார்த்துக்கொள்கிறது. ஆனால் பழைய சாவி வரிகள் உள்ள குறிப்புகள் இன்னமும் டெலிகிராம் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கின்றன, ஃபார்வர்டு செய்கிறவர்கள் தேதியைப் பார்ப்பதில்லை. ஆகவே ஸ்கிரிப்டில் முதல் வரியிலேயே எப்போது எழுதியது, எந்த உபுண்டுவுக்கு, எந்தக் கார்டில் ஓட்டிப் பார்த்தது என்று எழுதி வையுங்கள்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நிறுவும் ஸ்கிரிப்ட் எல்லாமே ‘சுடோ’ போட்டு ஓடுவது, அதாவது கணினியின் முழு அதிகாரத்தையும் கையில் கொடுத்துவிடுகிறோம். யாரோ அனுப்பிய சுட்டியை ‘கர்ல்’ போட்டு இறக்கி, படித்துப் பார்க்காமலே பாஷுக்குள் தள்ளும் பழக்கம் பிள்ளைகளிடம் பரவிவிட்டது. தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கப் போகிறவர் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் பம்பில் ஊற்றமாட்டார். வகுப்பில் கால் மணி நேரம் ஒதுக்கி ஸ்கிரிப்டை வரி வரியாக வாசித்துக் காட்டினால் அதுவே நல்ல பாடம். ‘ரன்’ கோப்பு வகை நிறுவியில் ‘சைலண்ட்’ என்று போட்டால் அது ஒன்றும் கேட்காது, ஏனென்றால் உரிம ஒப்பந்தத்துக்கு நீங்கள் சம்மதித்ததாகவே எடுத்துக்கொள்கிறது. பிள்ளைகள் அதையும் தெரிந்துகொள்ளட்டுமே. என்னைக் கேட்டால் உபுண்டுவில் அந்த ‘ரன்’ கோப்பு வழியே வேண்டாம், லினக்ஸோடு வரும் நூவோ என்ற டிரைவரை நாமே தடுத்து, திரைச் சேவையை நிறுத்தி என்று அதற்கு ஆயிரம் சடங்கு. ஆப்ட் வழிதான் சுத்தம், பின்னால் கழற்றுவதும் சுலபம்.

எல்லாவற்றையும் தானாக்க முடியுமா என்றால் முடியாது, முடியும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். கையெழுத்தில்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் ‘செக்யூர் பூட்’ இருக்கிற கணினிகளில் நாமே கட்டிய மாட்யூலை ஏற்ற ஒரு சாவியைப் பதிய வேண்டும், மறுபடி தொடங்கும்போது நீலத் திரை ஒன்று வந்து கடவுச்சொல் கேட்கும், அதை ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்து தட்டித்தான் ஆக வேண்டும். பத்து விநாடி அசந்தால் அந்தத் திரை போய்விடும், பிறகு டிரைவர் ஏறாது, பையனுக்குக் காரணமும் தெரியாது. நல்ல ஸ்கிரிப்ட் ஆரம்பத்திலேயே ‘மோக்யூட்டில்’ என்ற கட்டளையை வைத்து செக்யூர் பூட் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நின்று, இன்ன இன்ன செய்யுங்கள் என்று தமிழிலேயே ஒரு வரி எழுதிக் காட்டலாம். டிரைவர் ஏறியதும் எப்படியும் ஒருமுறை மறுபடி தொடங்க வேண்டியிருக்கும், ஆகவே ஸ்கிரிப்டை இரண்டு பாகமாக வைத்துக்கொள்வதுதான் நடைமுறை.

அப்புறம் நம் ஊர் இணையமும் மின்சாரமும். டூல்கிட் சுமார் நாலு ஜிபி என்றால், விநாடிக்கு 10 மெகாபிட் வரும் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஒரு கணினிக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம். அறையில் ஆறு கணினி ஒரே நேரத்தில் அதே கோப்பை இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை இறக்கி, கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று செக்சம் சரிபார்த்து, ஒரு கணினியில் வைத்துவிட்டு மற்றவை உள்வலையில் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி ஸ்கிரிப்டில் இரண்டு வரி சேர்ப்பது பெரிய வித்தை இல்லை. வகுப்பு நடத்த வருகிறவர்கள் நகரத்து ஃபைபர் வேகத்தை மனதில் வைத்து எழுதிக்கொண்டு வருகிறார்கள், இங்கே வந்து திருதிருவென்று விழிக்கிறார்கள். சாயங்காலம் இடி மின்னலோடு மழை பிடித்தால் மின்சாரமும் போகும், நிறுவல் நடுவில் அறுந்து நிற்கும். அப்போது ஸ்கிரிப்ட் மறுபடி ஓட்டத் தகுந்ததாக இருக்க வேண்டும்: முதலில், தொகுப்புகளை உள்ளே வைக்கும் ‘டிபிகேஜி’யின் அரைகுறை வேலையை முடித்துவிட்டு, ஏற்கெனவே ஆனதைத் தொடாமல், விட்ட இடத்திலிருந்து போக வேண்டும். நான் பார்த்த ஒரு கணினியில் ஸ்கிரிப்டை ஓட்டிய ஒவ்வொரு முறையும், கூடா எங்கே இருக்கிறது என்று காட்டும் ‘பாத்’ வரி பாஷ்ஆர்சி கோப்பின் அடியில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டியிருந்தது, அவற்றில் ஒன்று கழற்றிவிட்ட பழைய பதிப்பைக் காட்டிக்கொண்டிருந்தது. இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இல்லையென்றால் மட்டும் எழுது என்று ஒரு நிபந்தனை போட்டால் இந்த வம்பே இல்லை.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: அங்கேயும் நிறுவியை ‘மைனஸ் எஸ்’ போட்டு அமைதியாக ஓட்டலாம், ஆனால் என்விசிசி வேலை செய்ய விஷுவல் ஸ்டுடியோவின் சி பிளஸ் பிளஸ் கம்பைலரும் இருக்க வேண்டும். விண்டோஸுக்குள் டபிள்யூஎஸ்எல் வைத்து உபுண்டு ஓட்டுகிறவர்கள் அந்த உபுண்டுவுக்குள் டிரைவரை நிறுவவே கூடாது, வெளியே விண்டோஸில் இருக்கும் டிரைவரே உள்ளேயும் வேலை செய்யும், டூல்கிட் மட்டும் போதும். பல ஸ்கிரிப்டுகள் இதைப் பார்ப்பதே இல்லை.

இதையெல்லாம் எங்கள் ஊரில் பேசியபோது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “தம்பி, பிள்ளைகள் கையால் செய்து பழகட்டுமே, எல்லாம் தானாக நடந்தால் என்னத்தைக் கற்றுக்கொள்வார்கள்?” என்று கேட்டார். மரியாதைக்குரியவர், அவர் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. ஒருமுறை கையால் செய்யட்டும், தப்புப் பண்ணட்டும், பிழை வரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் இப்போது நடப்பது அது இல்லையே சார், பயிற்றுநர் மௌஸைப் பிடுங்கித் தானே அழுத்திவிட்டு அடுத்த மேசைக்குப் போகிறார், பிள்ளை வேடிக்கைதான் பார்க்கிறது. கையால் செய்ததை ஸ்கிரிப்டாக எழுதச் சொல்லுங்கள், அப்போதுதான் எந்த வரிக்குப் பிறகு எந்த வரி, ஏன் என்று யோசிக்க வேண்டி வரும். எங்கள் ஆலய மண்டபத்தின் பின்னறையில் உட்காரும் பையன்களில் ஒருத்தன் எஸ்பிஎம் பள்ளித் தேர்வு முடித்தவன், பாஷ் என்றால் என்னவென்று தெரியாமல் வந்தவன். கணினிக்குள் இருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளை கொடுக்கும் வரியிலிருந்து கார்டின் பெயரைப் பிரித்தெடுத்து, 1060 போன்ற 10 வரிசை என்றால் 580 மூடிய டிரைவர், 20 வரிசைக்கு மேல் என்றால் திறந்த வகை என்று முடிவெடுக்கும் பகுதியை எழுதியது அவன்தான். 16 வரிசையும் டூரிங்தான் என்று அதன் பிறகு அவனே கண்டுபிடித்துத் திருத்தினான், நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

வேலைவாய்ப்பு என்று பேசுகிறவர்களும் இதைக் கொஞ்சம் கவனிக்கட்டும். ரெங்கத்திலிருந்து ரயில் தடத்தில் லாயாங் லாயாங் தாண்டினால் கூலாய். அங்கே மலேசிய நிறுவனமான ஒய்டிஎல்லும் என்விடியாவும் சேர்ந்து ஏஐ கட்டமைப்பு அமைக்கப் போவதாக 2023 டிசம்பரில் அறிவிப்பு வந்தது, 2,000 கோடி ரிங்கிட் முதலீடு என்றார்கள். செடெனாக் பக்கம் செம்பனை நின்ற இடத்தில் டேட்டா சென்டர்கள் நிற்கின்றன. நம் பிள்ளைகளுக்கு அங்கே காவல் வேலையும் துப்புரவு வேலையும் மட்டும்தானா என்று மேடையில் கேட்கிறோம், கைதட்டும் வாங்குகிறோம். அந்தக் கட்டடங்களுக்குள் யாரும் சர்வர் சர்வராகப் போய் ‘நெக்ஸ்ட்’ அழுத்திக்கொண்டிருப்பதில்லை, எல்லாம் ஸ்கிரிப்டும், பல சர்வர்களை ஒரே கட்டளையில் அமைக்கும் ஆன்சிபிள் மாதிரியான கருவிகளும்தான். நம் பிள்ளை நேர்காணலில் சான்றிதழைக் காட்டுவதைவிடத் தானே எழுதிய ஒரு நிறுவல் ஸ்கிரிப்டைக் காட்டி, இந்த வரியை ஏன் இங்கே போட்டேன் தெரியுமா என்று பேசினால் எடுபடும் என்பது என் கணிப்பு.

ஆகவே வகுப்பு நடத்தும் அமைப்புகளுக்கு என் வேண்டுகோள். அழைப்பிதழில் சிறப்பு விருந்தினர் பெயருக்குக் கீழே எந்தக் கார்டு, எவ்வளவு நினைவகம், டூல்கிட் தேவையா, டிரைவர் மட்டும் போதுமா என்று ஒரு வரி போடுங்கள். உங்கள் ஸ்கிரிப்டை வகுப்பு முடிந்ததும் யூஎஸ்பியோடு திரும்ப எடுத்துப் போகாமல் பிள்ளைகளிடமே விட்டுவிட்டுப் போங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. ஆசிரியர் அவர்களும் கணினிப் பக்கத்தில் இதற்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கினால் புண்ணியமாகப் போகும்.

எங்கள் பையன்கள் எழுதியது ஆலய மண்டபத்துக் கணினியில் இருக்கிறது, சனிக்கிழமை மாலையில் யூஎஸ்பி கொண்டுவந்தால் யாருக்கும் கொடுப்பார்கள். உபுண்டு 22.04க்கும் 24.04க்கும் ஓட்டிப் பார்த்தது. மடிக்கணினியில் இன்டெல் கார்டும் என்விடியா கார்டும் சேர்ந்து இருப்பவர்கள் மட்டும் இரண்டாம் பாகத்தை ஓட்டுவதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அந்தப் பகுதி இன்னும் முடியவில்லை.

அன்புடன்,
ரெங்கம் வாசகர்,
ஜொகூர்.